தூண்டிலும் துணிக்கூடாரமும்

உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இன்று ஒரு புதிய வழக்கு எழுந்திருக்கிறது. முன்பெல்லாம் கோடை விடுமுறை வந்தால், ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்குமா என்பது ஒன்றே கவலை. இப்போதோ வீட்டுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, "இமயமலைப் பக்கம் போய் நாலு நாள் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருகிறோம், ஆற்றில் தூண்டில் போடப் போகிறோம்" என்று அனுமதி கேட்கிறார்கள். தாய்மார்கள் கூடாது என்கிறார்கள். தந்தைமார்கள் செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் நடுவே கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை முதுகில் சுமந்து செல்லும் சாமான்கள் அவனைக் காப்பாற்றுமா என்பதே அது.

மலையும் ஆறும் அஞ்சி ஒதுங்கத் தக்கவை அல்ல. அறிந்து அணுகத் தக்கவை. நாமும் நம் அலுவலக நண்பர் சிலரும் சில ஆண்டுகளாகத் தூண்டிலும் கூடாரமுமாக மலையடிவாரத்து ஆறுகளுக்குப் போய் வருகிறோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கி போய்த் தூண்டில் வந்த கதை

ஒரு காலத்தில் காட்டுக்குப் போவது என்றாலே வேட்டைக்குப் போவது என்று பொருள். அரசர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் கணக்கின்றிப் புலிகளைக் கொன்றார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும், அயல்நாட்டாரை அழைத்துவந்து வேட்டையாட வைக்கும் கம்பெனிகள் நடந்துவந்தன. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 1,800 புலிகளே எஞ்சியிருந்தன. 2022-ஆம் ஆண்டின் கணக்குப்படி அவை சுமார் 3,680. ஆதலால் இன்று காட்டுப் பிரயாணம் செய்பவர் துப்பாக்கியை நினைக்கவே வேண்டியதில்லை. கையில் கொள்ளத் தக்கவை தூண்டிற்கோலும் காமிராவுமே.

இந்த மாறுதலைத் தம் வாழ்க்கையிலேயே நடத்திக் காட்டியவர் ஜிம் கார்பெட். 1875-ல் நைனிதாலில் பிறந்தவர். குமாவோன் மலைநாட்டில் மனிதரைத் தின்னும் புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடியவர் என்று உலகம் அவரை அறியும். அவர் நம் ரயில்வே குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். இருபது வயது நிரம்புமுன்னரே வங்காள வடமேற்கு ரயில்வேயில் வேலைக்கு அமர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் மோகாமா காட் என்னும் இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ஆற்றின் தென்கரையில் அகலப் பாதை, வடகரையில் மீட்டர் பாதை. நடுவே பாலம் இல்லை. வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பிக்க வேண்டும். மோகாமாவில் ராஜேந்திர பாலம் 1959-ல்தான் திறக்கப்பட்டது. புலியைத் தேடிக் காடு புகுந்த அவர் ஆண்டின் பெரும்பகுதியைச் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே கழித்தார் என்பது, பார்சல் ஆபீசிலும் கூட்ஸ் ஷெட்டிலும் காலம் தள்ளும் நம் போன்றோருக்கு ஆறுதல் தரும் செய்தி.

பிற்காலத்தில் கார்பெட் துப்பாக்கியை ஒதுக்கிச் சினிமா காமிராவால் புலிகளைப் படம் பிடித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ராமகங்கை ஆற்றங்கரையில் அமைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1955-ல் கென்யாவில் அவர் இறந்த பின் அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். 1944-ல் வெளிவந்த அவருடைய குமாவோன் புலிகள் பற்றிய நூலில் ஓர் அத்தியாயம் புலியைப் பற்றியது அன்று. அது மகாசீர் மீனைப் பற்றியது.

மகாசீர் என்னும் மாமீன்

மகாசீர் நம் கெண்டை மீனின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் குளத்துக் கெண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு அதை அளக்கக் கூடாது. பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் வெள்ளத்தை எதிர்த்து நீந்தி வளர்ந்த உடல் அது. உள்ளங்கை அகலச் செதிள்கள், தடித்த உதடுகள். வாயில் பல் இல்லை. தொண்டைக்குள்ளே பற்கள் உண்டு. நத்தையையும் நண்டையும் அங்கேதான் நொறுக்கும். மரத்திலிருந்து ஆற்றில் உதிரும் பழங்களையும் தின்னும். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது, முட்டையிடுவதற்காகத் தெளிந்த கிளையாறுகளை நோக்கி மேலேறிச் செல்லும். நடுவே அணை குறுக்கிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. இம்மீன் குறைந்து வருவதற்கு அதுவே முதற்காரணங்களில் ஒன்று. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிக்கும் கொடுமையும், ஆற்று மணலையும் கற்களையும் வாரிச் செல்வதும் மற்றக் காரணங்கள்.

இமயமலை ஆறுகளில் வாழ்வது பொன்னிற மகாசீர். உத்தரகண்ட், இமாசலப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம் ஆகியவை இதையே தங்கள் மாநில மீனாகக் கொண்டிருக்கின்றன. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம்.

நம் காவிரிக்கும் ஒரு மகாசீர் உண்டு. முதுகு உயர்ந்து திமில் போலிருக்கும் இந்த இனம் காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1946-ல் கபினி ஆற்றில் ஒருவர் தூண்டிலில் பிடித்த மகாசீர் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. வெள்ளைக்காரர் தகட்டாலான பொய்யிரைகளைத் தேடியபோது, நம் காவிரிக்கரைத் தூண்டிற்காரர் கேழ்வரகுக் களியை எலுமிச்சம்பழ அளவு உருட்டி முள்ளில் செருகியே இந்த மாமீனை இழுத்தார்கள்.

இத்தனை பேர் பெற்ற மீனுக்கு முறையான விஞ்ஞானப் பெயர் 2018-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிகக் கடும் ஆபத்திலுள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் செய்த செயலும் இதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மகாராஷ்டிரத்தின் லோனாவளாவில் பொரித்து வளர்த்த நீலத் துடுப்பு மகாசீர்க் குஞ்சுகளை, மீன் வளம் பெருகட்டும் என்று காவிரியில் விட்டார்கள். வந்த இனம் பெருகிற்று. இருந்த இனம் அருகிற்று. ஓர் ஆற்றின் மீனை இன்னோர் ஆற்றில் விடுவது புண்ணியம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே போகலாம்?

தில்லி, லக்னோ வட்டாரங்களிலுள்ள நம்மவருக்கு உத்தரகண்ட் மலைகளே அண்மையானவை. ராம்நகர், காத்கோதாம், தனக்பூர் ஆகிய ஊர்களோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பஸ்ஸோ ஜீப்போதான். பூங்காவின் எல்லைக்கு வெளியே ஓடும் ராமகங்கைப் பகுதியும், கங்கையோடு நயார் ஆறு கலக்கும் வியாஸ்காட்டும், நேபாள எல்லையில் காளி ஆற்றுடன் சரயு கலக்கும் பஞ்சேசுவரமும் மகாசீருக்குப் பேர் பெற்றவை. இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சேரும். அந்தக் கோட்டிலேதான் பெருமீன் காத்திருக்கும். மழைக்குப் பின் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலும், பிறகு பிப்ரவரி முதல் மே வரையிலும் ஏற்ற காலம்.

தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடக் கூடாது. வெளியேயும் அனுமதிச் சீட்டு இல்லாமல் போடலாகாது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதோடு அவ்வப்போது மாறுவதும் உண்டு. ஆகையால் புறப்படுமுன் அந்த வட்டாரத்து வன இலாகாவுக்கும் மீன்துறைக்கும் எழுதிக் கேட்டுக்கொள்வதே முறை. காவிரியில் பீமேசுவரி முதலிய இடங்களில் நடந்துவந்த தூண்டில் முகாம்கள், வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அமைந்தவையாதலால் நிறுத்தப்பட்டுவிட்டன.

சாமான்களைச் சோதிக்கும் விதம்

கடைக்காரர் சொல்லும் சொல்லை மலை ஏற்றுக்கொள்ளாது. வாங்கிய சாமானை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். இதற்கு அதிகச் செலவு இல்லை. மொட்டைமாடியும், ஒரு வாளித் தண்ணீரும், ஸ்பிரிங் தராசும் போதும்.

முதலில் கூடாரம். மாடியில் அடித்து, உள்ளே செய்தித்தாளைப் பரப்பி, வெளியே அரை மணி நேரம் பூவாளியால் நீர் ஊற்ற வேண்டும். பிறகு செய்தித்தாளைப் பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். நாம் சென்ற ஆண்டு இவ்வாறு இரண்டு கூடாரங்களைச் சோதித்தோம். விலை உயர்ந்தது தையல் வழியே நாலு இடங்களில் ஒழுகிற்று. விலை குறைந்ததன் தையல்களின் மேல் உட்புறம் பட்டை ஒட்டியிருந்தது; அது ஒழுகவில்லை. ஆகவே விலையைப் பார்க்குமுன் தையலைப் பார்க்க வேண்டும். இருட்டில், கைவிளக்கின் ஒளியில், பத்து நிமிஷத்தில் கூடாரத்தை நிறுத்தவும் பழகிக்கொள்ள வேண்டும். மழை வரும் வேளையில் விளக்கவுரையைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது பூட்ஸ். நடந்தபின் பாதம் சற்றே வீங்குமாதலால் மாலை நேரத்திலேயே வாங்க வேண்டும். மலையில் போடப்போகும் கம்பளிக் காலுறையுடன் அணிந்து, மாடிப்படியில் பலமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது கால்விரல் நுனி இடித்தால் அந்த பூட்ஸ் உதவாது. மலையில் நகம் பெயர்ந்துவிடும். புறப்படுமுன் இரண்டு வாரமாவது அதை அணிந்து வேலைக்குப் போய் வருவது நன்று.

உறக்கப் பையின் சீட்டில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். ஒன்று சுகமாக உறங்கக்கூடிய அளவு. மற்றது உயிர் தரிக்க மட்டும் போதுமான அளவு. கடைகளில் இரண்டாவதையே பெரிதாகச் சொல்லி விற்பார்கள். நாம் முதலாவதையே கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். தில்லியில் ஜனவரி மாதத்து இரவொன்றில் மாடியில் படுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பையின் அடியில் விரிப்பு இன்றியமையாதது. நம் உடல் அழுத்தும் பகுதியில் பஞ்சு நசுங்கிவிடுவதால், தரை நேரே குளிரை ஏற்றும். இறகு அடைத்த பை நனைந்தால் பயனற்றது. ஆற்றங்கரைக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததே நல்லது. பருத்திச் சட்டை ஊருக்கு ஏற்றது. மலையில் அது வியர்வையையும் மழையையும் குடித்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். கம்பளியே சிறந்தது.

தூண்டிலுக்கு வருவோம். நைலான் தங்கூசி வெயிலில் நாளடைவில் நலியும். ஆகவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒரு முழம் அறுத்து, முடிச்சிட்டு, ஸ்பிரிங் தராசில் கட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முடிச்சிலேதான் அறும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைக்க வேண்டும். உலர்ந்த தங்கூசி உராய்ந்து சூடேறி வலிமை இழக்கும். ரீலின் பிடிப்பைத் தங்கூசி தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 12 கிலோ தாங்கும் தங்கூசியானால், 3 முதல் 4 கிலோ இழுப்பில் ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும். மகாசீர் இரையைக் கவ்வியதும் முதல் ஓட்டத்திலேயே நெடுந்தூரம் பாயும்; விட்டுக்கொடுக்காத ரீல் அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் இழக்கும்.

கடைசியாக முழுச் சுமையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதிருப்பது புதியவர்களுக்கு நல்லது. 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 12 கிலோ போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். சிறிய பிரஷர் குக்கர் ஒன்றைக் கொடுத்தனுப்பலாம். அவல், சத்துமாவு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவை கெடாமல் இருக்கும், எரிபொருளும் மிச்சம். அடுப்பையோ கரிக்கணப்பையோ கூடாரத்துக்குள் எரிய விடக் கூடாது என்று மட்டும் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் உறங்கியபடியே போய்விடுவார்.

ரயிலில் கொண்டுபோகக் கூடாதவை

இது நம் துறை. ஆகையால் சற்று அழுத்தியே சொல்வோம். முகாம் அடுப்புக்கான காஸ் டப்பாவையும், மண்ணெண்ணெயையும், ஸ்பிரிட்டையும் ரயிலில் எடுத்துச் செல்லலாகாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இதைத் தடுக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைவாசம், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். சட்டத்துக்கு அஞ்சுவதைவிட நெருப்புக்கு அஞ்சுவது மேல். 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலைய யார்டில் நின்ற யாத்திரைப் பெட்டி ஒன்று தீப்பற்றி, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் மாண்டார்கள். பெட்டிக்குள் விதிக்கு மாறாக ஏற்றி வைத்திருந்த காஸ் சிலிண்டரே அதற்குக் காரணம். அடுப்பை மட்டும் கொண்டுபோய், எரிபொருளை ரயில் முடியும் ஊரில் வாங்கிக்கொள்வதே முறை.

இலவசமாகக் கொண்டுபோகும் சாமானின் அளவு ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. நீண்ட தூண்டிற்கோலைக் குழாயில் இட்டு மூடி, கீழ்ப் பலகைக்கு அடியில் வைத்தால் அது முறியாது. பிறருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆறும் மலையும் தரும் எச்சரிக்கை

2014 ஜூன் 8-ஆம் தேதி மாலை, இமாசலத்தில் பியாஸ் ஆற்றுக்குள் இறங்கிப் பாறைகளின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. மழை பெய்யவில்லை. மேலே இருந்த அணையில் நீர் திறந்துவிடப்பட்டது, அவ்வளவே. மின்சாரத் தேவையைப் பொறுத்து எந்த நேரத்திலும் அணை திறக்கும். ஆகவே மேலே அணையுள்ள ஆற்றில் நடுப்பாறையில் நின்று தூண்டில் போடவே கூடாது. நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்துக்கொண்டு அடிக்கடி அதைப் பார்க்க வேண்டும். நீர் குச்சியைத் தாண்டினாலும், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், சருகுகள் மிதந்து வந்தாலும், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தூண்டிற்கோல் போனால் வேறு வாங்கலாம்.

மலை மேலே போவோர்க்கு இன்னொரு செய்தி. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகண்டில் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்று திரும்பிய கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கிற்று. 9 பேர் குளிரில் மாண்டனர். ஜூன் மாதம் என்றால் நமக்குக் கோடை. 4,000 மீட்டருக்கு மேல் அது எப்போதும் குளிர்காலமாக மாறக்கூடும். நம் தமிழ்நாட்டுக் குரங்கணி மலையில் 2018 மார்ச் மாதம் காட்டுத்தீயில் இருபதுக்கு மேற்பட்டவர்களை இழந்ததையும் மறக்க முடியாது. அதன் பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அனுமதிச் சீட்டு என்பது வெறும் காகிதமன்று. காட்டுக்குள் யார் இருக்கிறார், எத்தனை பேர், எந்தப் பாதையில் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருப்பதே அதன் பயன்.

பிடித்ததை விடுதல்

மகாசீரைப் பிடிப்பவர் இன்று அதைத் தின்பதில்லை. ஆற்றுக்கே திருப்பி விடுகிறார். பிடித்துவிட்டு விடுவானேன் என்று கேட்கலாம். அந்த மீன் நிலைத்திருந்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் அந்த ஆறு ஆறாக இருக்கும். தூண்டிற்காரர் காவலுக்கு நிற்கும் துறையில் வெடி வைப்பவன் வரத் தயங்குவான். வழிகாட்டியாகும் உள்ளூர் ஏழைக்கு மீன் உயிரோடு இருப்பதால் கூலி கிடைக்கும்.

விடுவதற்கும் முறை உண்டு. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழலும். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும், பின்னர் நோய் பற்றும். படம் எடுப்பதற்காகத் தாடையைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிடலாகாது. நீருக்குள்ளேயே, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்க, அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தால், மூச்சுத் திரும்பிய மீன் தானே கையை உதறிவிட்டுப் போகும். அந்த உதறலைக் கையில் உணர்ந்தவருக்கு, விடுவானேன் என்ற கேள்வி மறுபடி எழாது.

முடிவாக ஒரு யோசனை. கூடாரம், உறக்கப் பை, குக்கர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. ஆண்டுக்கு நாலு நாள் உபயோகித்து, மீதி நாளெல்லாம் பரணில் கிடக்கும். சங்கத்தின் பொதுவில் இரண்டு கூடாரங்களும் எட்டு உறக்கப் பைகளும் வாங்கி, வாசகசாலைப் புத்தகங்களைப் போலக் கையெழுத்திட்டுக் கொடுத்து வாங்கலாம். ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் உறுப்பினர் நாலு பேர் கூடி அவற்றைச் சோதித்து, பழுது பார்த்து, தேதியிட்டுச் சீட்டு ஒட்டி வைக்கலாம். சாமானை எடுத்துச் செல்பவர் தம் பாதையையும், உடன் வருவோர் பெயர்களையும், திரும்பும் நாளையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டே போக வேண்டும் என்று விதி செய்வோம். குறித்த நாளில் அவர் வந்து பெயருக்கு நேரே கையெழுத்திடாவிட்டால், மறுநாள் காலையிலேயே விசாரிக்கத் தொடங்க நமக்கு ஓர் ஊர்ப் பெயரும் பாதையும் கையில் இருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை அன்பர்கள் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.